அக்காவின் இடது கை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. அக்காவைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போய் வருவதிலேயே நாட்கள் ஓடிவிடுகின்றன.

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் என்று உறுதியானதைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. வாசல்படிக்கு வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறார் என்று எழுதியிருந்தாய். பாட்டோடு நடனம் சொல்லித்தரும் வகுப்புக்கு அனுப்பச் சொல்கிறார்கள், இது வைத்தியமா, பொழுதுபோக்கா என்றும் கேட்டிருந்தாய். போன வருடம் கேட்டிருந்தால் பொழுதுபோக்கு என்றுதான் சொல்லியிருப்பேன்.

அக்காவுக்குப் பக்கவாதம் தாக்கியது மூளையின் இடது பக்கத்தை. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது. பதில் சொல்ல வாயெடுத்தால் சொல் வராது. ‘தண்ணீர்’ என்ற ஒரே சொல்லுக்காக நெற்றி வியர்க்கப் போராடுவாள். ஒருநாள் சாயங்காலம் பேத்தியை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தவள், தன் பிள்ளைகளுக்குப் பாடிய தாலாட்டில் இரண்டு வரியை ஒரு சொல் பிசகாமல் பாடினாள். ஆளுக்கொரு மூலையில் இருந்த நாங்கள் எல்லோரும் ஓடி வந்துவிட்டோம்.

மறுநாள் பயிற்சியாளரிடம் சொன்னபோது அவருக்கு இது புதிதாக இல்லை. பேச்சுக்குப் பெரும்பாலும் இடப்பக்க மூளைதான் பொறுப்பு. மெட்டில் வலப்பக்கத்துக்கும் நல்ல பங்கு உண்டு. அதனால் பேச்சை இழந்தவரிடம் பாட்டு மட்டும் தங்கியிருப்பது அபூர்வமில்லையாம். இதை வைத்தே 1973-இல் அமெரிக்காவில் ‘மெலடிக் இன்டொனேஷன் தெரபி’ என்ற பயிற்சி முறையை வெளியிட்டார்கள். சும்மா பாடினால் பேச்சு வந்துவிடாது, அதை அவர் அழுத்திச் சொன்னார். ‘தண்ணீர் வேணும்’ போன்ற அன்றாட வாக்கியம் ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். அதை ஏற்ற இறக்கத்தோடு இழுத்துச் சொல்லவேண்டும். ஒவ்வொரு அசைக்கும் இடது கையால் ஒரு தட்டு. பழகப் பழக ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் சாதாரணப் பேச்சுக்குக் கொண்டுவருகிறார்கள். மாதக்கணக்கில் பிடிக்கும் வேலை. எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை. புரிதல் நன்றாக இருந்து பேச்சு மட்டும் தடைப்பட்டவர்களுக்கே அதிகம் பொருந்துகிறது. அக்கா இப்போது ஏழெட்டு வாக்கியம் சொல்கிறாள். கை மட்டும் இன்னும் தட்டிக்கொண்டே இருக்கிறது.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. வார்டில் டிவி நாள் முழுக்க அலறும். நிறுத்தச் சொல்ல அவளுக்கு வாய் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருப்பாள், தூங்குகிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஊசி, மாத்திரை, சாப்பாட்டு நேரம் எல்லாம் பிறர் முடிவு. பாட்டையாவது அவளே தேர்ந்தெடுக்கும்படி செய்திருக்கலாமே என்று தோன்றுகிறது. 2015-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில், அறுவை சிகிச்சை சமயத்தில் இசை கேட்டவர்களைப் பற்றிய 73 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை வந்தது. ஏறக்குறைய 7000 நோயாளிகள். இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன, வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. செலவே இல்லாத விஷயம்!

ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியரை நீயும் தெரிந்துகொள்ளவேண்டும். 1938-இல் காசநோய் சானடோரியத்தில் சேர்ந்தவர், படுக்கையிலிருந்து கண்ணுக்குப் பட்ட பொருட்களை வரைந்தே அந்த நாட்களைக் கடத்தினார். பிறகு மற்ற நோயாளிகளையும் வரையவைத்தார். ‘ஆர்ட் தெரபி’ என்ற பெயரையே 1942-இல் அவர்தான் வைத்தார். நாள் முழுக்கப் பிறர் கைக்கு உட்பட்டுக் கிடக்கிறவர், பென்சிலை எடுத்ததும் தானே ஒன்றைச் செய்கிறார். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அதுதான். படம் நன்றாக இருக்கிறதா என்பது இரண்டாவது.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன். பார்க்கின்சனில் டோபமின் என்ற மூளை ரசாயனம் குறைவதால், நடைக்கு உள்ளேயே ஓடும் தாளக்கணக்கு தடுமாறுகிறது. வெளியிலிருந்து சீரான தாளம் வந்தால், பலருக்குக் கால் அதைப் பிடித்துக்கொள்கிறது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மார்க் மோரிஸ் நடனக்குழு 2001-இல் இவர்களுக்கென்றே ஒரு வகுப்பு தொடங்கியது; இன்று பல நாடுகளில் அதே மாதிரி வகுப்புகள் நடக்கின்றன. வருகிறவர்களை அங்கே நோயாளிகளாக நடத்துவதில்லை, நடனம் கற்க வந்தவர்களாகவே நடத்துகிறார்கள். உன் அப்பாவின் சுபாவத்துக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

மாத்திரையை மட்டும் ஒருவேளைகூடத் தவறவிடாதே. உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு 2019-இல் 3000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி, கலை உடலுக்கும் மனதுக்கும் உதவுகிறது என்று அறிக்கை வெளியிட்டது. அதிலும் மருத்துவத்தைக் கைவிடச் சொல்லவில்லை. அப்புறம், முதல் சில நாள் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கட்டும், விழுந்துவிடக்கூடாது.

அப்பாவுக்கு எந்தப் பாட்டுகள் பிடிக்கும் என்று அவரிடமே கேட்டு எழுது. நீயாக ஊகித்து எழுதாதே. அவர் நடைக்கு ஒத்துவரும் வேகத்தில் இருப்பவற்றைப் பிரித்தெடுத்து அனுப்புகிறேன். தாளம் போட்டுப் பார்க்க இங்கே அக்கா இருக்கிறாள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்