எங்கேயோ உதைக்கிறது: கன்ட்ரி பாட்டு ரசிகர் சங்கத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சந்தா கட்டியவர்களே, கட்டப்போகிறவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"பாட்டைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு டீ குடித்துக் கலைவதற்கு ஒரு சங்கம் எதற்கு?" என்று சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் ஒரு உறுப்பினர் கேட்டார். அதன் விளைவுதான் இந்த ஆண்டு நாம் பார்த்த வேலை. கன்ட்ரி எனப்படும் அமெரிக்கக் கிராமிய இசைக்குப் பேர்போன, டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் குடியிருப்பவர்களுக்கு எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் பழைய கன்ட்ரி பாட்டு காதில் விழும். அவற்றை வரி வரியாகப் பிரித்து, கதை எங்கே உதைக்கிறது என்று பார்ப்பதெனத் தீர்மானம் போட்டோம். நக்கீரர் வேலை என்று சிலர் கேலி செய்தார்கள். நெற்றிக்கண்ணைத் திறக்க இங்கே யாரும் இல்லை என்ற தைரியத்தில் இறங்கிவிட்டோம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நூலகத்தின் சின்ன அறையில் நடந்தன. விதிகள் இரண்டே. குற்றம் சாட்டுகிறவர் பாட்டின் வரியைக் காட்ட வேண்டும். தான் நினைத்துக்கொண்டதை வரி என்று சாதிக்கக் கூடாது. அடுத்தது, "பாட்டுதானே, விடுங்கள்" என்று சொல்லி வழக்கை மூடக் கூடாது. இந்த இரண்டாவது விதி என் யோசனை. ஆட்சேபணைகள் வந்தன. ஆனால் ஊர்ப் பெயரையும் நேரத்தையும் பாட்டில் போட்டவர் கவிஞர். நாமா போடச் சொன்னோம்?

அதிக நேரத்தை விழுங்கியது, ஜிம்மி வெப் எழுதி 1967ல் கிளென் கேம்பெல் பாடிப் பிரபலமாக்கிய 'பை த டைம் ஐ கெட் டு ஃபீனிக்ஸ்'. காதலியை விட்டுவிட்டுக் கிளம்பிய ஒருவன் கணக்குப் போடுகிறான்: நான் ஃபீனிக்ஸ் சேரும்போது அவள் எழுந்திருப்பாள், ஆல்புகெர்க்கி சேரும்போது வேலையில் இருப்பாள், ஓக்லஹோமா சேரும்போது தூங்கிக்கொண்டிருப்பாள். ஒரே நாளில் இவ்வளவு தூரமா என்பது குற்றச்சாட்டு. இதை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு கச்சேரி முடிந்ததும் ரசிகர் ஒருவர் வந்து, தூரத்தையும் நேரத்தையும் காட்டி, இது நடக்கவே முடியாத பயணம் என்று நிரூபித்ததை வெப்பே சொல்லியிருக்கிறார். முடியாதுதான் என்று அவரும் ஒப்புக்கொண்டார். தான் செய்ய ஆசைப்பட்டுச் செய்யாமல் விட்டதைப் பற்றிய கற்பனை அது என்பது அவர் விளக்கம். எழுதியவரே குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகும் அவர் சார்பில் மேல்முறையீடு செய்தது நம் சங்கம்தான்.

லாரி கம்பெனியில் டிஸ்பாட்ச் பார்க்கும் நம் உறுப்பினர் பலகையில் எழுதிக் காட்டினார். கிளம்பிய இடம் லாஸ் ஏஞ்சலஸ் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து ஃபீனிக்ஸ் சுமார் 370 மைல், ஆறு மணி நேரம். அவள் காலை 7 மணிக்கு எழுந்தால் இவன் இரவு ஒரு மணிக்கு வண்டியை எடுத்திருக்க வேண்டும். ஃபீனிக்ஸிலிருந்து ஆல்புகெர்க்கி சுமார் 420 மைல். அவள் ஊர்க் கடிகாரப்படி பகல் 2 மணி ஆகிவிடும், அவள் வேலையில்தான் இருப்பாள். அங்கிருந்து ஓக்லஹோமா எல்லைக்கு இன்னும் ஆறு மணி நேரம். பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் வழியில் நிறுத்தியதைச் சேர்த்தால் இரவு 10 மணி. தூங்கியிருப்பாள். நேரம் அப்படியே பொருந்துகிறது! அன்றைக்கு இன்டர்ஸ்டேட் சாலைகளைப் போட்டு முடிக்கவில்லையே என்று ஒருவர் இழுத்தார்; இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பினான் என்று அதற்கும் பதில் வந்தது. உதைப்பது நேரமல்ல, உடம்பு. இன்றைய விதிப்படி அமெரிக்க லாரி டிரைவர் ஒரு ஓய்வுக்கும் அடுத்த ஓய்வுக்கும் நடுவே 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. இவன் ஏறக்குறைய 20 மணி நேரம் ஒண்டியாக ஓட்டுகிறான். "நம்ம கம்பெனியாக இருந்தால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்" என்றார் டிஸ்பாட்ச் அண்ணன்.

இவ்வளவும் முடிந்த பிறகு, அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த நம் மூத்த உறுப்பினர் அக்கா ஒருவர் கேட்டார்: "லாஸ் ஏஞ்சலஸ் என்று பாட்டில் எங்கே இருக்கிறது?" இல்லை. எல்லோரும் நினைத்துக்கொண்டதுதான். முதல் விதியை எல்லோரும் சேர்ந்து மீறியிருக்கிறோம் என்று மினிட்ஸில் பதிவாகியிருக்கிறது. அதே அக்கா இன்னொரு முடிச்சையும் அவிழ்த்தார். பாட்டில் அவள், விட்டுப் போனவனுக்கு மத்தியானம் எதற்கு ஃபோன் செய்கிறாள் என்று ஒருவர் கேட்டிருந்தார். அவன் எழுதிவைத்த சீட்டை ஒட்டியது அவள் வீட்டுக் கதவில், ஆகவே இருவரும் வேறு வேறு வீடு. போகிறேன் என்று எழுதியதைப் படித்து அவள் சிரிக்கிறாள், ஏனென்றால் இதற்கு முன் பலமுறை போயிருக்கிறான். நம்பாதவள் அவன் வீட்டுக்கு ஃபோன் போட்டுப் பார்க்கிறாள். அங்கே மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பாட்டு விடுதலை செய்யப்பட்டது.

ஜானி கேஷின் 'ஃபோல்சம் ப்ரிசன் ப்ளூஸ்' அவ்வளவு சுலபமாகத் தப்பவில்லை. 1955ல் மெம்ஃபிஸில் பதிவான பாட்டு. ரீனோவில் ஒருவனை, அவன் சாவதைப் பார்ப்பதற்காகவே சுட்டேன் என்கிறான் கைதி. ரீனோ நெவாடாவில் இருக்கிறது. ஃபோல்சம் கலிஃபோர்னியா மாநிலச் சிறை. நெவாடாவில் செய்த கொலைக்கு நெவாடா கோர்ட், நெவாடா சிறை. பக்கத்து மாநிலத்துக்கு எப்படி வந்தான்? சட்டம் படித்த உறுப்பினர் ஒருவர் வாதாடினார்: ரீனோ கொலைக்காகத்தான் உள்ளே இருக்கிறேன் என்று அவன் எங்கும் சொல்லவில்லை. அம்மா துப்பாக்கியைத் தொடாதே என்றாள், நான் சுட்டேன், இப்போது உள்ளே இருக்கிறேன். நடுவில் கலிஃபோர்னியாவில் வேறு என்ன செய்தானோ! வாதம் கெட்டிக்காரத்தனமானது, ஆனால் என்னை அசைக்கவில்லை. பாட்டு பிறந்த கதையைப் பார்த்தால் காரணம் புரியும். விமானப் படையில் ஜெர்மனியில் இருந்தபோது, ஃபோல்சம் சிறையைப் பற்றிய ஒரு படம் பார்த்துவிட்டு கேஷ் எழுதியது. ஒரு மனிதன் கொலை செய்ய எவ்வளவு கேவலமான காரணம் இருக்க முடியும் என்று யோசித்தபோது அந்த வரி வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். யோசனை முழுக்கக் காரணத்தின் மேல் இருந்திருக்கிறது, மேப்பின் மேல் இல்லை. மெட்டையும், ரயில் ஊதலைக் கேட்டுத் தலைகுனிந்து அழுவதையும் கோர்டன் ஜென்கின்ஸின் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்திருந்தார்; பிற்பாடு அதற்குச் சுமார் 75,000 டாலர் கொடுத்துத் தீர்க்க வேண்டியிருந்தது. அந்த வழக்கு நம் அதிகார வரம்புக்குள் வராது. ஊர்க் குழப்பத்துக்கு மட்டும் பாட்டு குற்றவாளி என்று பெரும்பான்மை முடிவு செய்தது. சட்டம் படித்தவரின் மாற்றுக் கருத்து இணைக்கப்பட்டுள்ளது.

ஜார்ஜியாவில் விளக்கு அணைந்த இரவைப் பற்றி பாபி ரஸ்ஸல் எழுதி விக்கி லாரன்ஸ் பாடிய பாட்டு 1972ல் வெளியாகி, அடுத்த ஆண்டு நாடு முழுக்க முதலிடம் பிடித்தது. இது பாப் பாட்டு, நம் சங்கத்தில் இதற்கு என்ன வேலை என்று ஆட்சேபணை எழுந்தது. 1991ல் கன்ட்ரி பாடகி ரீபா மெக்என்டயர் பாடிவிட்டதால் நம் வீட்டுப் பிள்ளைதான் என்று தலைவர் தீர்ப்பளித்தார். கதை: மனைவி தன் நண்பனோடு பழகியது தெரிந்த அண்ணன் துப்பாக்கியோடு போகிறான்; நண்பன் ஏற்கெனவே செத்துக் கிடக்கிறான்; போலீஸைக் கூப்பிடத் துப்பாக்கியால் ஒருமுறை சுடுகிறான்; மாட்டிக்கொண்டு தூக்கில் தொங்குகிறான். கடைசியில் தங்கை சொல்கிறாள், நண்பனையும் அண்ணியையும் சுட்டது நான்தான் என்று.

இந்தப் பாட்டு உதைக்காத இடமே இல்லை. பிணத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு எவனாவது துப்பாக்கி வெடித்துப் போலீஸைக் கூப்பிடுவானா? ஜார்ஜியா 1924லேயே தூக்கைக் கைவிட்டு மின்சார நாற்காலிக்கு மாறிவிட்டது. அதோடு போகவில்லை. பாட்டு வெளிவந்த அதே 1972ல், ஜூன் மாதம், ஃபர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க மரண தண்டனையை நிறுத்திவைத்தது. அந்த வழக்கில் எதிர்த் தரப்பு எது தெரியுமா? ஜார்ஜியா மாநிலம்! கதை எந்த வருஷம் நடந்தது என்று பாட்டு சொல்லவில்லை, 1924க்கு முன்னால் என்று வைத்துக்கொள்ளலாமே என்றார் சட்டம் படித்தவர். அதற்கும் எல்லோரும் சம்மதித்திருப்போம். ஆனால் பாட்டில் ஜார்ஜியா பேட்ரோல் போலீஸ் ரோந்து வருகிறதே, அந்தப் படை அதற்கெல்லாம் பிந்தியதாயிற்றே என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள். எனக்கு உறுத்தியது வேறு. நீதிபதியின் கையில் ரத்தக் கறை என்று பாட்டு முழுக்கப் பழிக்கிறாள் தங்கை. இரண்டு கொலை செய்தவள் அவள்! நான் சொல்வதற்குள் தூக்கிலிட்டுவிட்டார்கள் என்கிறாள். விசாரணை எவ்வளவு அவசரமாக நடந்திருந்தாலும் வாயைத் திறக்க ஒரு நிமிஷம் போதாதா? என்னைக் கேட்டால், இங்கே கவிஞர் சறுக்கவில்லை. பொய் சொல்கிறவளை வேண்டுமென்றே பாடவைத்திருக்கிறார். இதை ஏற்கக் கூட்டத்தில் யாரும் முன்வரவில்லை.

வருடத்தின் சிரிப்பு, லோன்சோ - ஆஸ்கர் 1947ல் பாடிய 'ஐ'ம் மை ஓன் கிராண்ட்பா'. எனக்கு நானே தாத்தா என்று ஒருவன் பாடினால் கேட்ட மாத்திரத்தில் அபத்தம் என்றுதான் தோன்றும். அக்கா ஒரு காகிதத்தில் வம்சக் கொடியை வரைந்தார். அவன் ஒரு விதவையைக் கட்டிக்கொள்கிறான். அவளுக்கு வயது வந்த மகள் ஒருத்தி. அந்த மகளை இவனுடைய அப்பா கட்டிக்கொள்கிறார். ஆக, மகள் முறையானவள் சித்தியாகிவிட்டாள். சித்தியின் அம்மா பாட்டிதானே? அவள் இவனுடைய மனைவி. பாட்டியின் புருஷன் தாத்தா. முடிந்தது! இவனுக்கு ஒரு மகன் பிறக்கிறான். அவன் சித்தியின் தம்பி, ஆகவே பெற்ற பிள்ளையே அப்பனுக்குத் தாய்மாமன். "மொட்டை அடித்துக் காது குத்தும்போது யார் மடியில் யார் உட்காருவது?" என்று அக்கா கேட்டதும் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்தவர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். நூலகத்தாரிடம் மன்னிப்புக் கேட்கப்பட்டது. அபத்தம் என்று எல்லோரும் கையைக் காட்டும் இந்தப் பாட்டில் ஒரு ஓட்டைகூட இல்லை.

நம் மாநிலத்துப் பாட்டை விட்டுவிடலாமா? பீ வீ கிங்கும் ரெட் ஸ்டூவர்ட்டும் எழுதிய 'டென்னசி வால்ட்ஸ்' 1948ல் வந்தது, 1950ல் பாட்டி பேஜ் பாடி உலகமெங்கும் போனது, 1965ல் மாநிலப் பாட்டானது. டென்னசி வால்ட்ஸ் என்ற நடன மெட்டுக்குக் காதலனோடு ஆடிக்கொண்டிருந்தேன், தோழியை அறிமுகப்படுத்தினேன், அவள் அவனைக் கொத்திக்கொண்டு போய்விட்டாள் என்பது கதை. அன்றிரவு இசைக்கப்பட்டது எந்த டென்னசி வால்ட்ஸ்? இந்தப் பாட்டு என்றால், அதில் அன்றிரவுக் கதை ஏற்கெனவே இருக்கிறது. ஆடும்போதே வரியைக் கேட்டிருந்தால் தோழியை அறிமுகப்படுத்தியிருப்பாளா? வேறு பாட்டு என்றால் அது எங்கே போயிற்று? இரண்டு கூட்டம் இழுத்த பிறகு விடை வரலாற்றிலேயே கிடைத்தது. வார்த்தை எழுதுவதற்கு முன்பே அந்த மெட்டை கிங்கின் குழு 'பெயரில்லாத வால்ட்ஸ்' என்று வாசித்துக்கொண்டிருந்தது. அவர்கள் ஆடியது வார்த்தை இல்லாத அந்த மெட்டுக்கு என்று கொண்டால் தீர்ந்தது. பெயர் மட்டும் அன்றிரவு அதற்கு வந்திருக்காதே என்கிறார் பொருளாளர். அவர் அப்படித்தான்.

மார்ட்டி ராபின்ஸின் 'எல் பாஸோ' (1959) பற்றி அதிகம் பேசவில்லை. சுடப்பட்டுக் காதலியின் கையில் உயிரை விடுகிறவன் நமக்கு எப்படிக் கதை சொல்கிறான் என்ற கேள்வி ராபின்ஸையே குடைந்திருக்க வேண்டும். 1976ல் 'எல் பாஸோ சிட்டி' என்று இன்னொரு பாட்டு போட்டார். அதில் ஒருவன் விமானத்தில் அந்த ஊருக்கு மேலே பறக்கும்போது, அந்தக் கௌபாய் போன ஜென்மத்து நான்தானோ என்று யோசிக்கிறான். மறுபிறவி என்றதும் நம் கூட்டத்தில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

மேற்கு வெர்ஜீனியாவைப் பற்றி ஜான் டென்வர் பாடிய 'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்' (1971) வழக்கில் வெர்ஜீனியா மாநிலத்தில் சில காலம் இருந்த உறுப்பினர் கோபமாகப் பேசினார். பாட்டில் வரும் ப்ளூ ரிட்ஜ் மலையும் ஷெனண்டோவா ஆறும் பெரும்பாலும் எங்கள் பக்கம்தான், மேற்கு வெர்ஜீனியா எப்படிச் சொந்தம் கொண்டாடலாம் என்பது அவர் வாதம். ஷெனண்டோவா போய்ப் பொட்டோமாக்கில் கலக்கும் ஹார்ப்பர்ஸ் ஃபெரி மேற்கு வெர்ஜீனியாவின் கிழக்கு மூலையில் இருப்பதால் பாட்டு நூலிழையில் பிழைத்தது. பாட்டை எழுதத் தொடங்கிய ஜோடி அதுவரை அந்த மாநிலத்துக்குப் போனதே இல்லை. அந்த மாநிலம் அதைப் பொருட்படுத்தாமல் 2014ல் அதை மாநிலப் பாட்டுகளில் ஒன்றாக்கிக்கொண்டது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அதற்கு முன் ஒரு விளக்கம். டான் ஷ்லிட்ஸ் எழுதி 1978ல் கென்னி ராஜர்ஸ் பாடிய 'த கேம்ப்ளர்', சீட்டாட்ட மேஜையில் உட்கார்ந்திருக்கும்போது பணத்தை எண்ணாதே என்று புத்தி சொல்கிறது. போக்கர் ஆடத் தெரிந்த உறுப்பினர்கள் இதைக் கடுமையாக மறுத்தார்கள்: தன்னிடமும் எதிராளியிடமும் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் பந்தயம் கட்டுகிறவன் போண்டிதான். பொருளாளரும் இதே கட்சி. சந்தாப் பணத்தை மேஜையிலேயே, எல்லோர் கண்முன்னாலும், இரண்டு முறை எண்ணுவது இந்த ஆண்டும் தொடர்ந்தது. இருப்பு போன ஆண்டைவிடக் குறைவு. டீச் செலவு கூடியதே காரணம். ஒலிபெருக்கியைப் பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் இன்னும் திருப்பித் தரவில்லை. நினைவூட்டல் அனுப்பியிருக்கிறோம்.

அடுத்த ஆண்டுக்கு 'விச்சிட்டா லைன்மேன்' முதலில் வருகிறது: கம்பி இழுப்பவன் கவுன்டிக்கு, அதாவது உள்ளூர் அரசாங்கத்துக்கு, வேலை செய்கிறேன் என்கிறான், கம்பிகளோ பெரும்பாலும் டெலிஃபோன், மின்சாரக் கம்பெனிகளின் சொத்து. அதோடு 'எ பாய் நேம்டு சூ': பெண் பெயர் வைத்ததால்தான் நீ பலசாலி ஆனாய் என்று அப்பா சொன்னதை ஒப்புக்கொண்ட மகன், தன் பிள்ளைக்கு மட்டும் அந்தப் பெயரை ஏன் வைக்க மாட்டேன் என்கிறான்? வாதாட விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம்.

இடம் தந்த நூலகத்தாருக்கும், பலகையைத் துடைத்துவைத்த இளைய உறுப்பினர்களுக்கும், வம்சக் கொடிக் காகிதத்தை ஆவணமாகப் பாதுகாக்கக் கொடுத்த அக்காவுக்கும் செயற்குழுவின் நன்றி. இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். திருத்தம் சொல்ல விரும்புகிறவர்கள் பாட்டின் வரியோடு வரவும்.

இப்படிக்கு,
செயலாளர்