பகிர்வு வழங்கியிலும் கிட் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

டெல்டா மாவட்டங்களில் உரக்கடை முதல் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வரை பலரும், ஒரே வழங்கிக் கணினியைப் பல தளங்கள் பங்கிட்டுக்கொள்வதால் குறைந்த கட்டணத்தில் கிடைக்கும் பகிர்வு வழங்கியில்தான் இணையதளம் நடத்துகிறார்கள். கோப்புகளை எஃப்.டி.பி. என்னும் கோப்புப் பரிமாற்ற முறை வழியே நேரடியாக ஏற்றுவது பெருவழக்கு. மேட்டூர் நீர் திறப்பு அறிவிப்பை ஒருவர் சேர்த்த பக்கத்தை, தம் கணினியிலிருந்த பழைய படியால் இன்னொருவர் மேலெழுதிவிட்டால், முன்னவரின் திருத்தம் சுவடின்றிப் போகிறது. வழங்கியில் இணையத்துக்குத் திறந்திருக்கும் பொதுக் கோப்புறையைத் திறந்தால் ‘இண்டெக்ஸ்-பழையது’, ‘இண்டெக்ஸ்-புதியது-2’ என்று வரிசையாகக் கிடக்கும். எது நடப்பிலுள்ளது என்பதில் ஏற்றியவருக்கே ஐயம்தான்.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய, கோப்புகளில் பதிவுசெய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமிக்கும் ‘கிட்’ மென்பொருள் இதற்குத் தீர்வு, கட்டணமும் இல்லை. வழங்கி நிறுவனம் அனுமதித்திருந்தால் தளத்தை நிர்வகிக்க உதவும் சீபேனல் என்னும் பலகத்திலேயே அந்த வசதி கிடைக்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை அவசியம். கோப்புகளும் அவற்றின் வரலாறும் சேர்ந்திருக்கும் களஞ்சியத்தைப் பொதுக் கோப்புறைக்கு வெளியே வைத்து, தளத்துக்கு வேண்டிய கோப்புகளை மட்டும் உள்ளே நகலெடுக்க வேண்டும். அந்த வரலாற்றைத் தாங்கும் ‘.கிட்’ அடைவு பொதுக் கோப்புறையிலேயே பாதுகாப்பின்றி இருந்தால், முகவரியை ஊகிக்கும் எவரும் மூலநிரல் முழுவதையும் இறக்கிக்கொள்ளலாம். தரவுத்தளக் கடவுச்சொல் ஒருமுறை பதிவேறிவிட்டால், பின்னர் அந்த வரியை நீக்கினாலும் பழைய வரலாற்றில் அது இருந்துகொண்டேதான் இருக்கும். கடவுச்சொல்லையே மாற்றிவிடுவதுதான் சரி. தரவுத்தளத்திலுள்ள பதிவுகளைக் கிட் தானாகக் காக்காது என்பதால், அதற்குக் காப்புப்படி தனியே எடுக்க வேண்டும்.

தளம் செய்துதரும் நிறுவனங்கள் கடவுச்சொற்களோடு களஞ்சியத்தையும் வரலாற்றோடு ஒப்படைக்க வேண்டுமென்று, பணம் கொடுப்பவர்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மன்னார்குடி