பொங்கலுக்குள் ஒரு தொட்டி செண்டுமல்லி: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அக்டோபர் 6

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இது கட்டணம் பற்றிய கடிதம் அல்ல. எதையும் வாங்கி அனுப்பச் சொல்லும் கடிதமும் அல்ல. காலாண்டு விடுமுறை முடிந்து வந்திருக்கும் 3 முதல் 8 வரையான வகுப்புப் பிள்ளைகளிடம் இன்று ஆளுக்கொரு காகிதப் பொட்டலம் கொடுத்திருக்கிறோம். அதில் 10 செண்டுமல்லி விதைகள் இருக்கும். சில வீடுகளில் இதைத் துலுக்கச் சாமந்தி என்பீர்கள், சில வீடுகளில் கேந்தி என்பீர்கள். இந்த வாரமே விதைத்தால் பொங்கலுக்கு வாசலில் பூ இருக்கும். நாற்றுக்கு 25 முதல் 30 நாள், பிடுங்கி நட்ட பிறகு பூக்க ஏறத்தாழ 60 நாள் என்பது கணக்கு. அக்டோபர் கடைசிக்குத் தள்ளிப்போட்டால் பொங்கலன்று மொட்டைத்தான் பார்க்க முடியும்.

முதலில் பாத்திரம். காலியான 10 லிட்டர் அல்லது 20 லிட்டர் பெயின்ட் வாளி, எண்ணெய் டின், விரிசல் விட்ட குடம், அரிசிச் சாக்கு என எதுவும் ஆகும். பூச்சிமருந்து வந்த டப்பா மட்டும் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். அடியில் ஒரு செ.மீ. அகலத்தில் ஐந்தாறு ஓட்டைகள் கட்டாயம் வேண்டும். பிளாஸ்டிக் வாளி என்றால் கம்பியைச் சூடாக்கி நீங்கள் போட்டுக் கொடுங்கள், பிள்ளை கையில் கம்பியைக் கொடுக்க வேண்டாம். அடியிலிருந்து இரண்டு செ.மீ. உயரத்தில் பக்கவாட்டிலும் இரண்டு ஓட்டைகள் போட்டால் இன்னும் நல்லது. தரையோடு தரையாக உட்கார்ந்த வாளியில் அடி ஓட்டை சேற்றால் அடைத்துக்கொள்ளும், அப்போது பக்க ஓட்டைதான் தண்ணீரை வெளியே விடும். வாளியைத் தரையில் வைக்காமல் மூன்று செங்கல் துண்டுகள் மேல் வையுங்கள். ஒவ்வொரு ஓட்டையின் மேலும் ஓர் ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வைத்தால் மண் கரைந்து ஓடாது. ஐப்பசி, கார்த்திகையில் செடி காய்ந்து சாவதைவிட வேர் அழுகிச் சாவதுதான் அதிகம். அதனால்தான் ஓட்டை பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

மண்ணுக்குச் சம அளவில் மூன்று பொருள்கள்: செம்மண், மணல், நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம். கடற்கரை மணலை எடுக்காதீர்கள், உப்பு வேரைக் கருக்கிவிடும். ஆற்று மணல் கிடைக்காத இடத்தில் தென்னைநார்க் கழிவு போடலாம், அதிலும் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். தொழு உரம் மக்கிவிட்டதா என்பதை மூக்கு சொல்லிவிடும்: சாணி வாடை போய் மழை நனைத்த மண்ணின் வாடை வர வேண்டும். பச்சைச் சாணி சூடு கக்கும், அதோடு வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவையும் கொண்டுவரும். 20 லிட்டர் வாளிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கைத் தூளாக்கிக் கலந்துவிட்டால் அந்தக் கவலை பெரும்பாலும் குறையும். வாளியை விளிம்பு வரை நிரப்பாமல் மூன்று விரல் இடம் விடுங்கள்.

விதையை நேராக வாளியில் போட வேண்டாம். இளநீர்க் கூட்டை வாய்ப்பக்கம் அகலமாக வெட்டி, அடியில் துளை போட்டு, அதே கலவையை நிரப்பினால் நல்ல நாற்றுத்தொட்டி ஆகும். ஒரு கூட்டுக்கு ஐந்து விதை, அரை செ.மீ. ஆழம், விதைக்கு விதை இரண்டு விரல் இடைவெளி. தண்ணீரை ஊற்றாமல் கையால் தெளியுங்கள். நான்கு முதல் ஏழு நாளில் முளைக்கும். முளைத்தவை கழுத்தருகே நூலாக இளைத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல். நெருக்கமாக விதைத்ததும் மண் ஈரம் காயாததுமே காரணம். சாய்ந்ததை மண்ணோடு எடுத்துப் போட்டுவிட்டு, மீதியை மழைச்சாரல் படாத, வெயில் படும் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். பத்தும் பிழைக்காது, பிழைக்க வேண்டியதும் இல்லை. வாளிக்கு இரண்டு நாற்றுகள் போதும், கூடுதலாக இருப்பதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.

ஆயுதபூஜை மாலையை உதிர்த்து விதை எடுக்கலாமா என்று கேட்பீர்கள். மாலைக்குப் பூ விற்பவர்கள் விதை முற்றும் முன்பே பறித்துவிடுவார்கள், ஆகவே பெரும்பாலும் பதர்தான் கிடைக்கும். முற்றிய விதை கறுப்பாக, ஊசிபோல விறைப்பாக இருக்கும். வளைந்தால் முளைக்காது. அப்படியே முளைத்தாலும் வீரிய ஒட்டுரகத்தின் விதை தாய்ச்செடி போலவே பூக்கும் என்று சொல்ல முடியாது.

நான்கைந்து இலை விட்ட நாற்றை மாலையில் பிடுங்கி நடுங்கள். செடி ஒரு சாண் உயரம் வந்ததும் உச்சி நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பிள்ளைகள் இதற்கு மனம் வராமல் அழக்கூடும். கிள்ளாத செடி ஒற்றைத் தண்டாக உயர்ந்து, உச்சியில் ஒரு பூவை வைத்துவிட்டு, மார்கழிக் காற்றில் சாய்ந்துவிடும். கிள்ளிய செடி பல கிளை விடும், முதல் பூ சில நாள் தாமதமாக வந்தாலும் எண்ணிக்கை கூடும். வாடிய பூவைக் காம்போடு எடுத்துவிட்டால் அடுத்த மொட்டு சீக்கிரம் வரும். விதைக்காக இரண்டு பூக்களை மட்டும் செடியிலேயே காயவிடுங்கள், அடுத்த ஆண்டுப் பொட்டலத்துக்கு அதுதான் விதை.

தண்ணீருக்கு ஒரே விதி. விரலை இரண்டு செ.மீ. மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. இது பிள்ளையின் வேலை, நீங்கள் செய்யாதீர்கள். அரிசி கழுவிய தண்ணீரை அன்றன்றே ஊற்றலாம், புளித்ததை ஊற்றக் கூடாது. குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரைப் பல வீடுகளில் செடிக்குப் பாய்ச்சுகிறார்கள். உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. மண்மேல் வெள்ளைப் பூச்சு கண்டால் உடனே நிறுத்திவிடுங்கள். வடிந்த டீத்தூளைச் சர்க்கரையோடு கொட்டினால் எறும்புதான் வரும். மொட்டு வந்ததும் 15 நாளைக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். அதற்கு மேல் கடலைப் புண்ணாக்குக் கரைசலும் யூரியாவும் போட்டவர்கள் வீட்டில் இலை மட்டும் செழித்து நிற்கும்.

செண்டுமல்லிக்கு ஐந்தாறு மணி நேர நேர்வெயில் வேண்டும். அடுக்குமாடியில் அவ்வளவு வெயில் விழாத வீடுகளுக்குக் காசித்தும்பை விதை தருகிறோம், பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். பால்கனிக் கம்பி இருந்தால் சங்குப்பூ ஏற்றலாம். அதன் விதைத்தோல் கெட்டி என்பதால் ஓர் இரவு ஊறவைத்து ஊன்றி, ஏறச் சணல் கயிறு கட்டுங்கள். பத்துமணிப்பூவைத் தை பிறந்ததும் ஒடித்து நடுங்கள், மழையில் நட்டால் அழுகும். செவ்வந்தி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: தெருவிளக்கு வெளிச்சத்திலோ இரவெல்லாம் எரியும் வாசல் விளக்கின் அடியிலோ தொட்டி இருந்தால் பூக்காது. நீண்ட இருட்டு கிடைத்தால்தான் அது மொட்டு வைக்கும். மல்லிகைத் தொட்டி உள்ளவர்கள் நவம்பர் கடைசி வாரத்தில் செடியைத் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் கவாத்து செய்யுங்கள். வெட்டாமல் விட்டால் கோடையில் கொடிதான் நீளும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

கொல்லையில் இடம் உள்ள வீடுகள் மார்கழிக் கோலத்துக்குப் பூசணிக்கொடியும் போடலாம். மார்கழி முதல் நாள் பூ வேண்டுமென்றால் அக்டோபர் முடிவதற்குள் விதை ஊன்ற வேண்டும். குழியில் நீர் தேங்கி விதை அழுகாதிருக்க மண்ணை மேடாக்கி, மூன்று விதைகளை இரண்டு செ.மீ. ஆழத்தில் வையுங்கள். முதலில் வருவதெல்லாம் நீண்ட மெல்லிய காம்புள்ள ஆண் பூக்கள். சாணி உருண்டையில் செருக அவைதான் வேண்டும். பூவுக்குப் பின்னால் குட்டிக்காய் தெரிந்தால் அது பெண் பூ, அதைப் பறித்தால் பூசணிக்காய் போயிற்று. அது காய்க்க ஆண் பூவும் வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் கோலத்துக்கே கொண்டுபோய்விடாமல் கொடியில் சிலவற்றை விட்டுவையுங்கள்.

அலங்காரத்துக்குக் கடைக்குப் போக வேண்டாம். நீர்த்த சுண்ணாம்பைக் கொஞ்சம் பசை கலந்து வாளிக்கு வெளியே இரண்டு பூச்சு அடித்து, காய்ந்த பின் காவிப்பொடி கரைத்துப் பட்டை போட்டால் கோயில் மதில் போல இருக்கும். அழகுக்கு மட்டுமல்ல, கறுப்பு வாளியும் தகர டின்னும் வெயிலில் சூடேறி வேரை வேகவைப்பதை வெள்ளைப் பூச்சு தடுக்கும். உள்பக்கம் பூசாதீர்கள், சுண்ணாம்பு மண்ணைக் கெடுக்கும். பூசுவது பெரியவர்கள் வேலை, கண்ணில் தெறித்தால் புண்ணாகும். பட்டை போடுவதைப் பிள்ளைகளிடம் விடுங்கள், கோணலாக இருக்கட்டும். வாசல் பாத்திக்குப் பழைய செங்கலைச் சாய்த்து வரிசையாகப் பல் பல்லாகப் புதைக்கலாம். ஒரு மீட்டருக்கு ஒன்பது அல்லது பத்து செங்கல் பிடிக்கும், பாதி மண்ணுக்குள் இருந்தால்தான் மழைக்குச் சாயாது. தேங்காய் ஓட்டில் விளிம்பருகே சம தூரத்தில் மூன்று துளை, அடியில் ஒரு துளை போட்டுக் கயிற்றில் தொங்கவிட்டால் பத்துமணிப்பூவுக்கு அளவாக இருக்கும். சுவரில் பிளாஸ்டிக் பாட்டில்களை அடுக்கிக் கட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பாட்டிலில் மண் கொள்வதில்லை, வெயிலில் சூடேறுகிறது, மேல் பாட்டில் காய்ந்துகிடக்கக் கீழ்ப் பாட்டில் ஊறிக்கிடக்கிறது. ஒரு வெயில் காலத்தில் பிளாஸ்டிக்கும் நொறுங்கிவிடும்.

மூன்று எச்சரிக்கைகள், தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டிலும் பழைய டயரிலும் தேங்கும் தெளிந்த நீரில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தட்டே வேண்டாம், வைத்தால் மணலை நிரப்பி வையுங்கள். அடுத்தது, நனைந்த மண்ணோடு 20 லிட்டர் வாளி 25 முதல் 30 கிலோ இருக்கும். மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் எந்தத் தொட்டியும் இருக்கக் கூடாது. புயல் எச்சரிக்கை வந்தால் தொங்கும் ஓடுகளையும் இறக்கிவிடுங்கள். கடைசியாக, அரளி. சிவப்பானாலும் மஞ்சளானாலும் இலை, பூ, விதை எல்லாம் நஞ்சு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் புதிதாக நடாதீர்கள். அந்திமந்தாரை விதை பார்க்க மிளகு போலவே இருக்கும், அதையும் வாயில் போடக் கூடாது என்று சொல்லி வையுங்கள்.

இதற்கு மதிப்பெண்ணும் இல்லை, போட்டியும் இல்லை. விதைத்த நாள், முளைத்த நாள், நுனி கிள்ளிய நாள், முதல் மொட்டு கண்ட நாள் ஆகிய நான்கு தேதிகளைப் பிள்ளை தன் கையெழுத்தில் அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினால் போதும். செடி செத்துவிட்டால் செத்த நாளையும் அதற்கு என்ன காரணம் என்று நினைக்கிறார்கள் என்பதையும் எழுதலாம். அது குறைவான பாடம் அல்ல. வீட்டில் இடமோ வெயிலோ இல்லாதவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியின் கிழக்குத் தாழ்வாரத்தில் 40 வாளிகளுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம். காலியான வாளி கூடுதலாக வைத்திருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்பினால், ஓட்டையை நாங்களே போட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்