அந்தத் தாங்கியை ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே

அன்புள்ள மீனா,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்பு அரக்கில் பூ செதுக்கிய அந்தத் தேநீர்க் கிண்ணத் தாங்கி அவ்வளவு அழகு. ஆனால் பின்னாலேயே ஹீட்டரும் தெரிந்தது, அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

பெய்ஜிங்கில் நவம்பர் 15 வந்தால் ஹீட்டிங் போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் காற்று காய்ந்துபோகும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அரக்குக்கு அடியில் இருப்பது மரம். ஈரம் போனால் மரம் சுருங்கும், மேல்பூச்சு அதே அளவு சுருங்காது, விரிசல் விட்டு அப்புறம் செதில் செதிலாகப் பெயர்ந்து வரும். ஜன்னல் வெயிலும் ஆகாது, பளபளப்பு போனால் போனதுதான். உள் அறை அலமாரியில் வை, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் இருக்கட்டும்.

இந்தச் சீன அரக்கு நம்மூர் அரக்கு மாதிரி பூச்சியிலிருந்து வருவதில்லை, மரத்தைக் கீறி எடுக்கிற பால். காரைக்குடி வீட்டில் அப்பத்தா வைத்திருந்த பர்மாப் பெட்டியும் மரப்பால் வேலைதான். சீனத்துப் பால் பச்சையாகக் கையில் பட்டால் அரித்துத் தடித்துவிடும். அது இறுகுவதற்கு வெயில் வேண்டாம், ஈரக் காற்றுதான் வேண்டும் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். ஒரு பூச்சு இறுகிய பிறகுதான் அடுத்தது, இப்படிப் பத்துப் பத்தாக, உயர்ந்த சாமான் என்றால் நூறையும் தாண்டிப் பூசிக் கனம் ஏற்றிய பிறகுதான் கத்தியை வைப்பார்கள். உன் தாங்கியில் இதழ்களின் ஓரம் கூர்மை இல்லாமல் வழவழவென்று இருக்கிறது பார், செதுக்கியதோடு விடாமல் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள்.

நம் அரக்கு சூட்டில் இளகும், இது இறுகிவிட்டால் இளகாது. சீனாவில் சொங் மன்னர்கள் ஆண்ட காலத்தில் கொதிக்கிற தேநீர்க் கிண்ணத்தைக் கை சுடாமல் நீட்ட இந்த மாதிரித் தாங்கியைத்தான் அடியில் வைத்தார்கள். 1269இல் வந்த ஒரு சீனப் புத்தகம் தேநீர்ச் சாமான்கள் 12க்கும் அரசு அதிகாரிகள் போலப் பட்டம் கொடுத்து வரைந்திருக்கிறது, அதில் அரக்குத் தாங்கியும் ஒன்று. அதனால் விருந்தாளி வந்தால் தாராளமாக எடு. சிந்தினால் மெல்லிய துணியால் உடனே ஒற்றிவிடு, தண்ணீரில் ஊறப் போடாதே.

கடைக்காரர் புதுசாகப் பூசித் தருகிறேன் என்றாராமே, வேண்டவே வேண்டாம். மேலே புதுப் பூச்சு ஏறினால் பழைய கை வேலை மூடிப்போகும். இன்றைக்கே சொல்லிவிடு, அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அம்மா