ஆர்லாண்டோ மாநாட்டுக்குச் செல்வோர் கவனத்திற்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். எழுத்தாளர் மாநாட்டுக்காக ஆர்லாண்டோ செல்வோர், கடைசி அமர்வு முடிந்ததும் ஊர் திரும்பிவிடாமல், 1982-இல் திறக்கப்பட்ட டிஸ்னியின் எப்காட் கேளிக்கைப் பூங்காவுக்கு ஒரு மாலையாவது ஒதுக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அங்குள்ள பெருங்கோள வடிவக் கட்டடத்துக்குள் மெல்ல ஊர்ந்து செல்லும் வண்டியில் அமர்ந்தால், குகை ஓவியம், பாப்பிரஸ் தாள், அச்சிட்ட பக்கத்தைக் கையிலேந்திப் பார்க்கும் அச்சுக்கலை முன்னோடி குட்டன்பெர்க் என நம் தொழிலின் வரலாறே கண்முன் விரிகிறது. சென்றமுறை அந்த அச்சகக் காட்சியைக் கடக்கையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏரியைச் சுற்றியுள்ள 11 நாடுகளின் அரங்குகளையும் பார்க்க ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்பதால், நல்ல காலணி அவசியம். கோடைப் பிற்பகல்களில் இடியுடன் மழை கொட்டும். அமர்வுகளைத் தவறவிட்டு யாரும் பூங்காவுக்கு வர வேண்டாம். உடன் வர விரும்புவோர் ஞாயிற்றுக்கிழமைக்குள் இக்குழுவில் பெயரைப் பதிவிடவும்.