போடி அத்தையைப் பற்றி டாக்டரிடம் சொல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன் பண்ணினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். பாதியில் விடாமல் முழுசும் படி.

முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டியாகப் பார்த்து எடுத்து வை. இந்த மார்புக் கேன்சர் ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாளைக்குக் கையைத் தூக்கித் தலைவழியாகப் போட முடியாது. மருதாணி, நகப்பூச்சு வேண்டாம், விரலில் மாட்டுகிற கிளிப் ஆக்ஸிஜன் அளவைச் சரியாகக் காட்டாமல் போகலாம். தாலியைக் கழற்றச் சொல்வார்கள். உன் மாமியார் ஏதாவது சொன்னால் மாப்பிள்ளை பேசிக்கொள்ளட்டும். அந்த அம்மா தருகிற கஷாயத்தை டாக்டரைக் கேட்காமல் குடிக்காதே.

அக்குளில் நெறிக்கட்டியைக் கண்டுபிடிக்க நீல மருந்து போட்டால் ஒன்றிரண்டு நாளைக்குச் சிறுநீர் பச்சையாகப் போகலாம். பயப்படாதே. இதற்காகவே நடுராத்திரியில் எங்களைக் கூப்பிட்டு அழுத பெண்கள் உண்டு.

கட்டி பட்டாணி அளவில் இருக்கும்போதே நீயாகப் போய்க் காட்டினாயே, அதற்கு உன்னைப் பாராட்டத்தான் வேண்டும். என் வார்டுக்குப் புண்ணான பிறகு வந்தவர்கள்தான் அதிகம். ஆனால் தம்பிக்குத் தெரிந்து, நாத்தனாருக்குத் தெரிந்து, கடைசியில்தான் எனக்கா? சர்ஜரி வார்டில் காலம் தள்ளியவள் நான். சரி, விடு.

"மார்பை முழுசா எடுத்துட்டா நிம்மதி" என்று நாத்தனார் சொன்னாளாம். கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தாலும் ஆயுளில் வித்தியாசம் இல்லை. அமெரிக்காவிலும் இத்தாலியிலும் இருபது வருடம் தொடர்ந்து பார்த்து 2002-லேயே எழுதிவிட்டார்கள். முடிவு உன்னுடையது, அவளுடையது இல்லை.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று டாக்டர் கேட்டதற்கு "அம்மா பக்கம் யாருக்கும் இல்லை" என்றாயாம். மாப்பிள்ளை சொன்னார். அப்பா பக்கம்? அவர் தங்கச்சி, போடி அத்தை?

வயிற்றுக்கட்டி என்றுதான் நம் வீட்டில் பேச்சு. அது சினைப்பையில் வந்த கேன்சர் பாப்பா. அப்போது அவளுக்கு நாற்பது கூட ஆகவில்லை. அதுவும் உனக்கு மார்பில் வந்ததும் ஒரே மரபணுக் கோளாறால் வரலாம். அப்பா வழியாகவும் இறங்கும். உனக்கு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான். இருந்தால் எந்த ஆபரேஷன் என்பதே மாறலாம், பிற்பாடு சினைப்பையையும் கவனிக்க வேண்டியிருக்கும். ரிசல்ட் வரச் சில வாரம் ஆகும். அதனால் ஆபரேஷன் தேதியைப் பார்த்துக்கொண்டு இருக்காதே, இந்த வாரமே சொல். குட்டியைப் பற்றி இப்போது யோசிக்காதே, சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் பரிசோதனையைச் செய்ய மாட்டார்கள்.

அப்பாவிடம் நான் பேசவில்லை. தங்கச்சி பேச்சை எடுத்தாலே எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறார். தன்னால்தான் உனக்கு வந்தது என்று மனதில் போட்டுக்கொண்டால் அப்புறம் அவரைத் தேற்ற முடியாது.

ஆபரேஷன் செய்த இடத்தில் நீர் வடிய வைக்கிற டியூபை எடுத்ததும் பிசியோதெரபிஸ்ட் சொல்கிறபடி கையை அசைத்துக்கொண்டே இரு. வலிக்கிறது என்று மடக்கி வைத்தால் தோள் பிடித்துக்கொள்ளும். பட்டன் நைட்டி, மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன், வேண்டாம் என்று சொல்லாதே.

அத்தை விஷயத்தை டாக்டரிடம் சொன்னதும் ஒரு மெசேஜ் போடு. அப்பா போனுக்கு வேண்டாம், என் போனுக்கு.

அம்மா