அமைதியான தேர்தல் சரி, மாகாண சபைத் தேர்தல் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல், 2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் என்று எட்டு மாதத்துக்குள் மூன்று தடவை விரலில் மை பூசிக்கொண்டோம். பெரிய அடிதடி இல்லாமல் மூன்றும் முடிந்தன என்று பத்திரிகைகள் எல்லாம் மெச்சி எழுதின. எனக்கும் சந்தோஷம்தான். சொல்லப்போனால் மற்றவர்களை விடக் கொஞ்சம் கூடுதல் சந்தோஷம், ஏனென்றால் நான் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை, சேவையில் இருந்த காலத்தில் பல தேர்தல்களுக்கு வாக்களிப்பு நிலையக் கடமைக்குப் போனவள், இந்த நாட்டில் ஒரு தேர்தல் நாள் எப்படியெல்லாம் நாறிப்போகும் என்று கிட்ட நின்று பார்த்தவள்.

என் முதல் வாக்கு 1981 ஜூன் 4ஆம் திகதி நடந்த மாவட்ட அபிவிருத்தி சபைத் தேர்தலில். அதற்கு நான்கு நாள் முந்தி, மே 31 இரவு தொடங்கிய அட்டகாசத்தில்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 97,000 நூல்கள். அந்தச் சாம்பல் ஆறும் முன்பே எங்களை வாக்களிக்கக் கூப்பிட்டார்கள், போனோம், பிறகு பார்த்தால் சில வாக்குப் பெட்டிகளையே காணவில்லை என்றார்கள். தெற்கிலும் எல்லாம் சுகமாக நடந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1999 வடமேல் மாகாண சபைத் தேர்தல் என்றாலே இன்றும் கள்ள வாக்குத்தான் ஞாபகத்துக்கு வரும். 2001 டிசெம்பரில் வாக்களிப்பு நடந்த அன்றே கண்டிப் பக்கம் உடத்தலவின்னவில் 10 முஸ்லிம் இளைஞர்களைச் சுட்டுக் கொன்றார்கள்.

2005 ஜனாதிபதித் தேர்தலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கடமைக்குப் போய் காலை ஏழு மணிக்கு மேசை போட்டு, மைப் போத்தலைத் திறந்து, வாக்காளர் இடாப்பை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் வரவில்லை. வெளியே ஒரு நாய் படுத்திருந்தது, அது எழும்பிப் போய்த் திரும்பி வந்ததைக்கூட எண்ணிக்கொண்டிருந்தோம் என்றால் பாருங்கள். அன்று யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏழு இலட்சம் வாக்காளரில் வாக்களித்தவர்கள் 1.21 வீதம். வாக்களிக்கப் போகாதே என்ற புலிகள் பக்கத்துச் சொல் காற்றிலேயே இருந்தது. ஒரு சத்தமும் இல்லை, ஒரு கல்லும் விழவில்லை, எங்கள் நிலையத்தைப் பார்த்தவர்கள் அதையும் "அமைதியான வாக்களிப்பு" என்று அறிக்கையில் எழுதியிருக்கலாம். அன்றிலிருந்து இந்த அமைதி என்ற சொல்லில் எனக்கு ஒரு சந்தேகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்ப் பாடசாலைக்குப் போகும் வீதியில் ஒரு மதகு. 2022 மாரியில் ஒரு பக்கம் இடிந்து விழுந்தது. பிள்ளைகள் சைக்கிளை இறக்கித் தள்ளிக்கொண்டு போவார்கள், ஓட்டோக்காரர் மறுபக்கத்தில் நிறுத்திவிடுவார். ஓய்வுபெற்றவளுக்கு வேறென்ன வேலை என்று நானே மனு எழுதி, அயலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனேன். முதலில் போன இடத்தில் உறுப்பினர்களே இல்லை, ஏனென்றால் 2023 மார்ச்சோடு உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்துவிட்டது, உத்தியோகத்தர்கள்தான் நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்த வீதி தங்களுடையது இல்லை, மாகாணத்துக்குரியது என்றார்கள். மாகாண அலுவலகம் ஒன்றுக்குப் போனால், வீதி எங்களுடையதுதான், ஆனால் மதகு இருக்கும் துண்டு எந்தக் கணக்கில் வருகிறது என்று பார்க்க வேண்டும் என்றார்கள். இந்த நாட்டில் ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கு, மிச்சமெல்லாம் பிரதேச சபைக்கு என்று ஒரு பாகப்பிரிவினை உண்டு. எங்கள் மதகு அந்தப் பாகப்பிரிவினையில் யாருக்கும் எழுதப்படாத காணி மாதிரிக் கிடக்கிறது.

2025 மேயில் வாக்களித்து வட்டாரத்துக்கு ஒரு உறுப்பினரைத் தெரிந்தெடுத்தோம். என்னிடம் படித்த பிள்ளைதான். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, "ரீச்சர், நான் மூன்று தரம் கதைச்சுப் பார்த்திட்டன், அது எங்கட கையில இல்ல, மாகாணத்தில யாரும் அரசியல் பொறுப்பில இருந்தால் போய்ச் சண்டை பிடிக்கலாம், இப்ப யாரோட பிடிக்கிறது?" என்று கேட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் சொன்னதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

வட மாகாண சபைக்கு நாம் வாக்களித்தது ஒரே ஒரு முறை, 2013 செப்டெம்பர் 21. 38 ஆசனங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குப் போனது. அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. கிழக்கில் அதற்கும் ஒரு வருடம் முந்தி, 2017இலேயே முடிந்தது. 2019 முடிவதற்குள் ஒன்பது மாகாணங்களிலும் கதவு சாத்தியாயிற்று. அதன் பிறகு ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர்தான் எல்லாம். இன்றைக்கு வடக்கில் முப்பது வயதுக்குக் கீழே இருக்கும் எவரும் மாகாண சபைத் தேர்தல் ஒன்றில் வாக்களித்ததே இல்லை. என் மருமகளிடம் மாகாண சபை என்றால் என்ன என்று கேட்டேன், "கைதடியில ஒரு கட்டடம் இருக்கே, அதுதானே?" என்றாள். பட்டதாரி.

இது எப்படி நடந்தது என்று பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் சொல்வதில்லை. 2017 செப்டெம்பரில் மாகாண சபைகளில் பெண்களின் பங்கைக் கூட்டுவதற்கு என்று ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. நல்ல விஷயம். ஆனால் குழுநிலையில் வைத்து அதற்குள் ஒரு முழுப் புதிய தேர்தல் முறையையே நுழைத்து, பாதி தொகுதி பாதி விகிதாசாரம் என்று மாற்றி, அவசர அவசரமாக நிறைவேற்றினார்கள். பெண்களின் பெயரைச் சொல்லிப் பெண்களும் இல்லாமல் ஆண்களும் இல்லாமல் சபையையே இல்லாமலாக்கியதுதான் அதன் பலன். புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் வேண்டும், எல்லை நிர்ணயக் குழு ஒன்று அறிக்கை கொடுத்தது, 2018 ஓகஸ்டில் அந்த அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றுகூட இல்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பிறகு பிரதமர் தலைமையில் ஒரு மீளாய்வுக் குழு, இரண்டு மாதத்துக்குள் அறிக்கை தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அந்த இரண்டு மாதம் இன்னும் முடியவில்லை. புதிய முறையில் நடத்த எல்லை இல்லை, பழைய முறையில் நடத்தச் சட்டம் இல்லை.

இதில் எங்கள் ஆட்கள் ஒன்றும் அறியாப் பிள்ளைகள் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 2017இல் அந்தச் சட்டத்துக்குக் கூட்டமைப்பும் ஆதரவாகவே கை உயர்த்தியது. இன்று மேடைக்கு மேடை "மாகாண சபைத் தேர்தலை நடத்து" என்று கேட்பவர்கள், அன்று ஏன் உயர்த்தினோம் என்று ஒரு தடவையாவது மக்களிடம் விளக்கியிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திராது. இருந்த ஐந்து வருடத்திலும் சபை என்ன பெரிதாகச் செய்தது என்று கேட்டால், தீர்மானங்களை நூற்றுக்கணக்கில் நிறைவேற்றினார்கள், நியதிச் சட்டங்கள் என்ற மாகாணச் சட்டங்களை விரல் மடக்கி எண்ணலாம். அமைச்சர்கள் மீது விசாரணை, முதலமைச்சர் மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை முயற்சி என்று 2017இல் ஊரே சிரித்தது.

ஆனாலும் சிரிக்கவாவது முடிந்ததே! அமைச்சர் ஒருவர் இருந்தார், அவருக்கு ஒரு முகம் இருந்தது, கோயில் திருவிழாவில் கண்டால் மறித்து நிறுத்தி "எங்கட பள்ளிக்கூடத்துக்குக் கணித ஆசிரியர் எங்கே?" என்று கேட்கலாம். இப்போது அதே பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஒரு வருடத்துக்கு மேலாகக் கணிதத்துக்கு ஆள் இல்லை. கல்வி வலயத்தில் கேட்டால் மாகாணம், மாகாணத்தில் கேட்டால் அனுமதி வரவேண்டும், எங்கிருந்து என்று கேட்டால் கையை மேலே காட்டுகிறார்கள். தேசியப் பாடசாலை தவிர மற்ற எல்லா அரச பாடசாலைகளும் மாகாணத்தின் பொறுப்பு, பெரும்பாலான ஆதார வைத்தியசாலைகளும் கிராமத்து வைத்தியசாலைகளும் அப்படியே. ஐஸ், மாவா என்று போதையில் பெடியன்கள் கெட்டுப்போகிறார்கள் என்று எல்லோரும் அழுகிறோம், பொலிஸ் கொழும்புக்குக் கீழே, அது வேறு கதை, ஆனால் பின்னேரம் போய் விளையாட ஒரு மைதானம், படிப்பை விட்டவனுக்கு ஒரு தொழிற்பயிற்சி என்று யோசிக்க வேண்டிய இடம் மாகாணம்தானே?

ஆளுநர் நல்லவரா இல்லையா என்ற பேச்சுக்கே நான் வரவில்லை. நல்லவராகவே இருக்கட்டும், காலையில் எழும்பி உழைப்பவராகவே இருக்கட்டும். அவரை நான் அனுப்பவில்லை, எனவே திருப்பி எடுக்கவும் என்னால் முடியாது. அவ்வளவுதான்.

மாகாண சபை ஒரு வெள்ளை யானை, அதற்கு ஏன் வீண் செலவு என்று சொல்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். செலவு எங்கே நின்றது? ஆளுநர் அலுவலகம் இருக்கிறது, பிரதம செயலாளர் இருக்கிறார், அமைச்சுகள், திணைக்களங்கள், வாகனங்கள், வாகனங்களுக்கு எரிபொருள் எல்லாம் இருக்கிறது. யானை அப்படியே நின்று தின்கிறது, பாகனை மட்டும்தான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம். (உள்ளூராட்சியில் உறுப்பினர் தொகை 4,500க்குக் கிட்ட இருந்து 8,000ஐத் தாண்டியபோது செலவைப் பற்றி யாரும் இவ்வளவு கவலைப்படவில்லை.)

தேர்தலை ஒத்திவைப்பது இந்த நாட்டில் எவ்வளவு சுலபம் என்று 2023இல் பார்த்தோம். மார்ச் 9 என்றார்கள், ஏப்ரல் 25 என்றார்கள், திறைசேரியில் காசில்லை என்றார்கள், அச்சகத்துக்குக் கொடுக்கப் பணமில்லை என்று ஒரு தேர்தல் நின்றது. வேட்புமனுக் கொடுத்த அரச ஊழியர்கள் வேலைக்கும் போக முடியாமல் தேர்தலும் வராமல் நடுத்தெருவில் நின்றார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22ஆம் திகதி தீர்ப்பளித்தது. அந்தத் தேர்தலை நடத்தச் சொல்லி அன்று தெருவில் இறங்கிய தேசிய மக்கள் சக்தியினரே இன்று ஆட்சியில் இருக்கிறார்கள். மாகாண சபைத் தேர்தலையும் ஒரு வருடத்துக்குள் நடத்துவோம் என்று தங்கள் விஞ்ஞாபனத்தில் எழுதியவர்களும் அவர்கள்தான். அந்த ஒரு வருடம் போய்விட்டது. பாராளுமன்றத்தில் 159 ஆசனம், மூன்றில் இரண்டுக்கும் மேல். பழைய விகிதாசார முறைக்கே இந்த ஒரு முறை திரும்புவோம் என்று ஒரு சிறிய திருத்தம் கொண்டுவர எத்தனை நாள் வேண்டும்? 2017இல் சபையைக் கெடுத்த சட்டத்தை ஒரே நாளில் திருத்தி எழுதி நிறைவேற்ற முடிந்ததே.

வாக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அதற்கு நம்மிடம் பெயர் இருக்கிறது, பொலிஸில் முறைப்பாடு இருக்கிறது, கண்காணிப்பாளர் அறிக்கை இருக்கிறது. பெட்டியை வைக்காமலே விட்டால் அதற்குப் பெயரே இல்லை. கல்லெறி இல்லை, காயம் இல்லை, படம் எடுக்க ஒன்றும் இல்லை, எனவே செய்தியும் இல்லை.

2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல் அன்று, 2013இல் மாகாண சபைக்கு வாக்களித்த அதே திகதிதான் பாருங்கள், எனக்கு முன்னால் வரிசையில் நின்ற அம்மா ஒருவர், எண்பது வயது இருக்கும், நாற்பது பேர் மட்டில் பெயர் அச்சிட்ட அந்த ஒன்றரை முழ வாக்குச்சீட்டை மடிக்கத் தெரியாமல் மடித்து, திரும்பவும் விரித்து, உதவிக்கு வந்த உத்தியோகத்தரிடம் "விடு தம்பி, நானே செய்வன்" என்று சொல்லிப் பெட்டிக்குள் போட்டார். வெளியே வந்ததும் என்னிடம் மெதுவாகக் கேட்டார், "பிள்ளை, அந்த நம்மட சபைக்கு எப்ப போடுறது?" என்று. எனக்குப் பதில் தெரியவில்லை, "வரும் அம்மா" என்றேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பாராளுமன்ற உறுப்பினர்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, மாகாண சபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்தத் தாங்கள் இந்த மாதம் என்ன செய்தோம் என்று ஒரே ஒரு பந்தி எழுதித் தரட்டும். மாதத்துக்கு ஒரு நாள் அதை அப்படியே போடுங்கள். தராதவர்களின் பெயருக்குக் கீழே இடத்தை வெறுமையாக விடுங்கள். மதகைப் பற்றி நான் மறுபடியும் எழுத மாட்டேன், அதற்கு எட்டாவது மனுவை இந்தக் கிழமை கொண்டுபோகப் போகிறேன், எந்த அலுவலகத்துக்கு என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வடமராட்சி.